இருபதாம் தேதிக்குள்

ஜூன் 2

என் ராட்சசிக்கு,

அப்பா நலம். வந்து சேர்ந்த அன்றே எழுதியிருக்க வேண்டும். படுக்க ஓரிடம் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. எங்கள் காவல்படையை ஓர் உள்விளையாட்டு அரங்கத்தில் தங்கவைத்திருக்கிறார்கள். எனக்குக் கிடைத்த இடம் பூப்பந்து ஆடும் களத்தில் வலைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் எங்கள் சமையல்காரர். அவர் விடும் குறட்டை ஒன்றையாவது என்னால் திருப்பி அடிக்க முடியவில்லை.

ஃபோன்களை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள். போன வாரம் எவனோ இங்கே நடப்பதைப் படம் பிடித்து வெளியே அனுப்பிவிட்டானாம். ஒருத்தன் செய்ததற்கு ஊருக்கே தண்டனை. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே ஒரு தொலைபேசி உண்டு. அதன் முன்னால் எப்போதும் வரிசை. நாம் பேசுவதைப் பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் கேட்டுத் தலையாட்டுவார்கள். அதனால் கடிதமே நல்லது.

இப்போது விஷயம். எங்களை எந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் தெரியுமா? உனக்கு இடம் கிடைத்திருக்கிறதே, அதே பல்கலைக்கழகத்தின் வாசலில். மாணவர்கள் புல்வெளியில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெண்கள் விடுதியை இடித்துவிட்டு விருந்தினர் மாளிகை கட்டப்போகிறார்களாம். ஏனென்று கேட்கப் போனவர்களைப் படிப்பிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்கும் வரை எழுந்திருக்க மாட்டோம் என்கிறார்கள். நான் வழக்கம்போல வண்டி ஓட்டிதான். காவலர்களைக் காலையில் கொண்டுவந்து இறக்குவது, மாலையில் ஏற்றிக்கொண்டு போவது. நடுவில் வண்டியிலேயே உட்கார்ந்து கொட்டாவி விடுவது.

இருபதாம் தேதிக்குள் நீ பதில் சொல்லியாக வேண்டும் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு உன் அம்மா குதிப்பாள் என்பதும் தெரியும். நீ கவலைப்படாதே. நான் உன் கட்சி. கண்ணால் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அதற்குப் பிறகு முடிவு செய்.

அன்புடன்
அப்பா


ஜூன் 6

அன்புள்ள அப்பா,

அம்மா குதிக்கவில்லை. குதித்திருந்தால் சமாளித்திருப்பேன். பேசாமல் இருக்கிறாள். பல் மருத்துவரிடம் வேலை பார்த்துப் பார்த்து, வாயைத் திறக்காமலே வலி கொடுக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நேற்று சாப்பிடும்போது ஒரே ஒரு வாக்கியம்: "படிக்கப் போறியா, கொடி பிடிக்கப் போறியா?" நான் சொன்னேன், "ரெண்டு கை இருக்கேம்மா." அதோடு சரி, இன்னும் ஒரு நாளைக்குப் பேச்சில்லை. எல்லாம் உங்களிடமிருந்து வந்த வாய்தான்.

வீட்டுக்கார அம்மா வேறு மாடிப்படியில் நிறுத்திவைத்து அறிவுரை சொல்கிறார். "பக்கத்துல இருக்கிற காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சா கசக்குமா?" என்கிறார். கசக்காது ஆன்ட்டி, ஆனால் எனக்குப் பாறைகளைப் பற்றித்தான் படிக்க வேண்டும் என்றேன். "கல்லைப் பத்தி என்னம்மா படிக்கிறதுக்கு இருக்கு? அது பாட்டுக்குக் கிடக்குது" என்றார்.

உள்ளூர்க் கல்லூரியும் இருபதாம் தேதி வரைதான் காத்திருக்கும். இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. ஒன்றை விட்டால்தான் மற்றது.

அப்பா, எனக்குச் சில கேள்விகள். விடுதியை இடித்தால் நான் எங்கே தங்குவேன்? அந்த மாணவர்கள் எப்படிப்பட்டவர்கள்? தொலைக்காட்சியில் ஒரு நாள் ரவுடிகள் என்கிறார்கள், ஒரு நாள் பாவம் என்கிறார்கள். நீங்கள் ஓட்டுவது ஜன்னலுக்குக் கம்பி போட்ட வண்டிதானே? அதில் காவலர்களை மட்டும்தான் ஏற்றுவீர்களா?

உங்கள்
ராட்சசி


ஜூன் 9

ராட்சசிக்கு,

கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்ல நான் என்ன பரீட்சையா எழுதுகிறேன்? தெரிந்ததைச் சொல்கிறேன்.

ரவுடியும் இல்லை, பாவமும் இல்லை. உன்னை மாதிரிப் பிள்ளைகள். காலையில் பாட்டுப் பாடுகிறார்கள், கொஞ்சம் சுருதி சேரவில்லை. மத்தியானம் கும்பலாக உட்கார்ந்து படிக்கிறார்கள், அடுத்த மாதம் தேர்வாம். வெயில் ஏறினால் என் வண்டியின் நிழலுக்கு வந்துவிடுகிறார்கள். நேற்று ஒரு பெண் ஜன்னலைத் தட்டி, "அண்ணா, வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடுங்களேன், நிழல் அந்தப் பக்கம் போயிடுச்சு" என்றாள். போராட்டம் பண்ணுகிறவர்களுக்குப் போலீஸ் வண்டி குடை பிடிப்பது எந்தச் சட்டத்தில் இருக்கிறதென்று தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

அவள் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தேன். பாறைப் படம். என்ன படிக்கிறாய் என்று கேட்டால், நிலவியல், மூன்றாம் ஆண்டு. நீ சேரவேண்டிய அதே துறை! என் பெண்ணுக்கும் இடம் கிடைத்திருக்கிறது என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "கண்டிப்பா அனுப்புங்கண்ணா. முதல் வருஷம் முழுக்கக் கல்லைச் சுமந்தே முதுகு போயிடும், அதை மட்டும் சொல்லிடுங்க" என்றாள். ஆண்டுக்கு இரண்டு முறை மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார்களாம். துறைத் தலைவி கோபக்காரியாம், ஆனால் மழையில் மாணவர்களோடு தானும் நனைவாராம். விடுதியைப் பற்றிக் கேட்டேன். "அதுக்குத்தானே இங்க உக்காந்திருக்கோம். உங்க பொண்ணு வரும்போது இருக்கும்" என்றாள். பேசும்போது நடு நடுவே இருமுகிறாள். தூசி ஒத்துக்கொள்ளாதாம். கல் உடைக்கிற படிப்புக்கு நல்ல உடம்பு என்றேன். சிரித்தாள்.

ஆகவே என் தீர்ப்பு: நீ வா. உன் அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. பல்லைக் கடித்துக்கொண்டாவது சம்மதிப்பாள்.

வண்டியில் யாரை ஏற்றுவேன் என்று கேட்டிருந்தாய். ஏற்றச் சொன்னவர்களை ஏற்றுவேன். அது வேலை.

அன்புடன்
அப்பா


ஜூன் 12

அப்பா! அப்பா! அப்பா!

கடிதத்தை அம்மா இரண்டு தடவை படித்தாள். பிறகு சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். வெளியே வந்து, "உங்கப்பா கண்ணால பார்த்துட்டுச் சொல்றார்னா சரி. எனக்கு டிவியை விட அவர் பேச்சு முக்கியம்" என்றாள். அவ்வளவுதான். இத்தனை நாள் நான் போட்ட கூச்சலுக்கு நடக்காதது உங்கள் ஒரு கடிதத்துக்கு நடந்துவிட்டது. கொஞ்சம் கோபமாகக்கூட இருக்கிறது.

நேற்று இருவரும் கடைக்குப் போனோம். பெட்டி வாங்கியாகிவிட்டது. நீலம் வேண்டுமென்றேன், அழுக்குத் தெரியாது என்று பழுப்பு வாங்கினாள். போர்வை, குடை, பூட்டு. பூட்டை மட்டும் பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் தனக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். நான் போய் அவள் காலடியில் உட்கார்ந்தேன். "நீ போனா வீட்ல சத்தமே இருக்காது" என்றாள். அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

அந்த அக்காவிடம் கேளுங்கள்: மலைக்குப் போக எந்த மாதிரிக் காலணி வாங்க வேண்டும்? கணுக்கால் வரை மூடுவதா, சாதாரணமானதா? அவர் முதுகுக்கு என்ன மருந்து தடவுகிறார் என்றும் கேளுங்கள்.

அடுத்த வாரம் முதல் நாளே பதில் அனுப்பிவிடுவேன். கடைசி நாள் வரை காத்திருந்தால் அம்மா மனம் மாறிவிடுவாள்.

உங்கள்
ராட்சசி


ஜூன் 14

மகளுக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. அதற்குள் எழுதுகிறேன்.

நான் முன்பு எழுதியதை விட்டுவிடு. விசாரித்ததில் பல விஷயங்கள் சரியில்லை. விடுதியில் தண்ணீர் நன்றாக இல்லை, பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுக்கோளாறு. சுவரெல்லாம் ஓதம். நல்ல ஆசிரியர்கள் வேறிடம் போகிறார்களாம். படிப்பு ஒழுங்காக நடக்காது.

நீ பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்ந்துவிடு. வேதியியலும் நல்ல படிப்புதான். வீட்டிலிருந்தே போய் வரலாம். அம்மாவுக்கும் துணையாக இருக்கும்.

காரணம் கேட்டு எழுதாதே. அப்பா சொல்வதைக் கேள்.

அப்பா


ஜூன் 18

அப்பா,

உங்கள் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. முதலில் வேறு யாரோ எழுதியது என்று நினைத்தேன். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். "எழுத்து அவரோடதுதான், பேச்சு அவரோடது இல்லை" என்றாள்.

அம்மா என் பக்கம் பேசினாள் என்றால் நம்புவீர்களா? "தண்ணியாம் தண்ணி. காய்ச்சிக் குடிச்சா போச்சு. நீ முதல்ல அவர்கிட்ட பேசு" என்றாள். பேசாமல் இருக்கவில்லை நாங்கள். சாப்பாட்டுக் கூடத் தொலைபேசிக்கு மூன்று முறை கூப்பிட்டோம். ஒருவர் எடுத்து, நீங்கள் வண்டியோடு போயிருப்பதாகச் சொன்னார். இன்னொருவர், நீங்கள் படுத்திருப்பதாகவும் எழுப்ப வேண்டாமென்று சொன்னதாகவும் சொன்னார். நீங்களா அப்படிச் சொன்னீர்கள்?

தொலைக்காட்சியில் கூடாரங்களைப் பிரிப்பதைக் காட்டினார்கள். ஒரே புகை. மாணவர்களைக் கம்பி போட்ட வண்டிகளில் ஏற்றினார்கள். எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருந்தது. அம்மா முகத்தைத் திரையோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கையைத் தேடினாள்.

மாலை வரைக்கும் யோசித்தேன். நீங்கள் இதுவரை காரணம் இல்லாமல் எதையும் வேண்டாமென்று சொன்னதில்லை. மற்ற அப்பாக்கள் சொல்வார்கள், நீங்கள் சொன்னதில்லை. அதனால் ஏதோ பெரிய காரணம் இருக்கும், சொல்ல முடியாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா தடுத்தும் கேட்காமல் கணினி மையத்துக்குப் போய், பல்கலைக்கழக இடம் வேண்டாம் என்று பதிந்துவிட்டேன். உறுதியாகவா என்று ஒருமுறை கேட்டது. ஆம் என்றேன். உள்ளூர்க் கல்லூரிக்குச் சம்மதம் அனுப்பிவிட்டேன்.

நீங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டேன். இப்போதாவது காரணத்தைச் சொல்வீர்களா?

உங்கள் மகள்


ஜூன் 19

ராட்சசிக்கு,

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் விடுப்பில் ஊருக்கு வருகிறார். நேராக நம் வீட்டுக்குப் போய், நாளைக் காலைக்குள் உன் கையிலேயே இதைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நாளை இருபதாம் தேதி. மாலை வரை நேரம் இருக்கிறது. முதலில் இதைப் படி: நான் போன கடிதத்தில் எழுதியது அத்தனையும் பொய். அந்த விடுதிக்குள் நான் காலே வைத்ததில்லை. நீ பல்கலைக்கழகத்துக்குச் சம்மதம் அனுப்பு. அனுப்பிவிட்டு வந்து மீதியைப் படி.

பதின்மூன்றாம் தேதி காலையில் உத்தரவு வந்தது. உட்கார்ந்திருப்பவர்களை அப்புறப்படுத்தி, ஊருக்கு வெளியே ஒரு மண்டபத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். புகைக்குண்டு போட்டார்கள். என் வண்டியில் கொள்ளாத அளவுக்கு ஆட்களை ஏற்றினார்கள். கோஷம் வெளியே கேட்கக்கூடாது என்று ஜன்னல் கண்ணாடிகளை மூடிப் பூட்டினார்கள். கதவு என் கையில். என் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் திறக்கும். "நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது" என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

கடைசியாக ஏற்றப்பட்டவள் அந்தப் பெண், நிழல் கேட்டவள். கண்ணெல்லாம் சிவந்து நீர் வழிந்தது. என்னைப் பார்த்ததும், "அட, அண்ணா, நீங்களா!" என்று சிரித்தாள். இதை நான் எழுதித்தான் ஆக வேண்டும். தெரிந்த முகம் ஒன்று கிடைத்துவிட்டதென்று சிரித்தாள்.

வழியை யாரோ மறித்திருக்கிறார்கள் என்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இன்ஜினையும் அணைக்கச் சொன்னார்கள். நல்ல வெயில். உள்ளே புகை நாற்றம். அவள் எனக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, மூச்சு முட்டுது. கதவை மட்டும் கொஞ்சம் திறங்க. நாங்க யாரும் இறங்க மாட்டோம்."

வெளியே நின்ற அதிகாரியைப் பார்த்தேன். வேண்டாமென்று கையைக் காட்டினார்.

"கொஞ்சம் பொறும்மா, இப்போ கிளம்பிடும்" என்றேன்.

மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையேதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மற்றவர்கள் கத்தியதும் திரும்பிப் பார்த்தேன். கம்பியை விடாமலே சரிந்திருந்தாள். அப்போதுதான் திறந்தேன். யாருடைய உத்தரவையும் கேட்காமல்தான் திறந்தேன். அதையே அவள் முதல்முறை கேட்டபோது செய்திருக்கலாம். யாரும் என்னைச் சுட்டிருக்க மாட்டார்கள். ஒரு மெமோ கொடுத்திருப்பார்கள்.

மறுநாள் உனக்கு எழுத உட்கார்ந்தால், அந்தக் கம்பியில் உன் கைதான் தெரிந்தது. உன்னை அந்த வண்டி பக்கமே விடக்கூடாது என்று தோன்றியது. ஏன் என்று எழுதினால், கதவைத் திறக்காதவன் நான்தான் என்றும் எழுத வேண்டும். அதற்குத் தண்ணீரும் சுவரும் சுலபமாக இருந்தன.

பிறகு உறுத்தியது. தொலைபேசி வரிசையில் போய் நின்றேன். என் முறை வந்ததும், பின்னால் நின்றவரிடம், "நீங்க பேசுங்க, எனக்கு அவசரமில்லை" என்று விட்டுக்கொடுத்தேன். அடுத்த நாளும் அப்படித்தான். நீ எடுத்ததும் "ஏன்பா?" என்று கேட்பாய். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குத் தைரியம் இல்லை.

நேற்று எனக்கு ஓய்வு நாள். சாதாரண உடையில் மருத்துவமனைக்குப் போனேன். அவளுக்கு ஏற்கெனவே மூச்சுத்திணறல் உண்டாம். இன்னும் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் இருக்கிறாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்னார்கள். வெளியே பெஞ்சில் அவளுடைய அம்மா உட்கார்ந்திருந்தார். ஏதோ பெரிய கடையில் வேலைபோல, அந்தச் சீருடையோடேயே வந்திருந்தார். என்னைப் பார்த்து, "உங்க பிள்ளையும் உள்ள இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. என் பொண்ணு இந்த வருஷம்தான் சேரணும். அதே துறை."

"பயமா இருக்கா?"

"ஆமாங்க."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. 'எழுந்து வீட்டுக்கு வா, எழுந்து வீட்டுக்கு வா'ன்னு தினமும் ஃபோன்ல கத்துவேன். கடைசியில அவ ஃபோனை எடுக்கிறதையே விட்டுட்டா. மூச்சுக்கு அடிச்சுக்கிற மருந்து தீர்ந்துபோனதைக்கூட எங்கிட்ட சொல்லலை. சொன்னா அதுக்கும் கத்துவேன்னு." கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார். "அனுப்புறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம். எதுவா இருந்தாலும் அவ உங்ககிட்ட வந்து சொல்ற மாதிரி வச்சுக்குங்க. நான் வச்சுக்கலை."

நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். ஒரே வாரத்தில் இன்னொரு கோழைத்தனம்.

உனக்கு நான் பயந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். பயந்ததற்கான காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு நீ எடுப்பதுதான் முடிவு. இப்போதும் நேரம் இருக்கிறது. அம்மாவிடம் இதைக் காட்டு. ஓடு.

அப்பா


ஜூன் 21

அப்பா,

உங்கள் நண்பர் நேற்றுக் காலையிலேயே வந்தார். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் கடிதத்தைக் கொடுத்தார். முதல் பத்தியைப் படித்ததும் அம்மாவும் நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடினோம். பதினேழாம் தேதியே வேண்டாமென்று பதிந்துவிட்டதாக நான் எழுதிய கடிதம் உங்களுக்கு அப்போது வந்திருக்காது.

கணினியில் என் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. அம்மா சேர்க்கை அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்தாள். வேலைக்குப் போகாமல், மத்தியானம் வரை கணினி மையத்து வாசல் வெயிலில் நின்றுகொண்டு ஆள் மாற்றி ஆளாகப் பேசினாள். ஓர் அம்மாள் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: காத்திருப்போர் பட்டியலில் அடுத்து இருந்தவருக்குக் கொடுத்தாகிவிட்டது, அவர் அன்றைக்கே சேர்ந்துவிட்டார். "அடுத்த வருஷம் முயற்சி பண்ணுங்கம்மா." அம்மா நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். அம்மா யாரிடமாவது அவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மீதிக் கடிதத்தை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். அம்மா பிறகு படித்தாள். எனக்கும் இப்போது எதுவும் எழுத வரவில்லை.

அந்த அக்கா எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள்.


ஜூன் 28

மகளுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் அடுத்தடுத்து வந்தன. படித்த அன்று என்னால் வண்டி எடுக்க முடியவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன். பாதி உண்மைதான்.

அந்தப் பெண் சாதாரணப் பிரிவுக்கு வந்துவிட்டாள். நுரையீரல் முன்போல ஆக நாளாகும், மலையேறுவதை மறந்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மறுபடியும் போய் அவளுடைய அம்மாவிடம் நான் யார் என்று சொன்னேன். "அன்னைக்குப் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தீங்களே" என்றார். வேறெதுவும் திட்டவில்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? உள்ளே இருக்கா, அவகிட்ட சொல்லுங்க" என்றார். உள்ளே போனேன். அவள் மூக்கில் குழாய். என்னைக் கண்டதும் யாரென்று தெரிந்துகொண்டாள். நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் செய்தது சரி. வெளியே வந்துவிட்டேன்.

உன் இடத்துக்காகப் பல்கலைக்கழக அலுவலகத்துக்கும் போனேன். முடியாது என்று தெரிந்துதான் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் நின்றார்கள். நிலவியலில் கடைசி நேரத்தில் இடம் கிடைத்ததாம். அந்த மனிதர் முன்பின் தெரியாத என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்த்துகள் என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எனக்கு முறை வரும் வரை நிற்காமல் திரும்பிவிட்டேன்.

இன்னொன்று. வேறு யார் மூலமாகவும் உனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன், பாராட்டு வாங்க அல்ல. ஜன்னல்கள் திறந்திருந்தன என்று ஓட்டுநர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நான் போடவில்லை. மூடியிருந்தன, கதவையும் நான் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அதிகாரி, "உனக்கும் சேர்த்துக் குழி தோண்டிக்கிறியே" என்றார். இப்போது வண்டி இல்லை. பட்டறையில் சக்கரம் கழற்றி மாட்டுகிறேன். மேலே என்ன செய்வார்களோ தெரியாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

அடுத்த மாதக் கடைசியில் விடுப்புக் கிடைக்கும்போல இருக்கிறது. வரலாமா?

அப்பா


ஜூலை 20

அப்பா,

வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்கு வர நீங்கள் என்னிடம் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று பல நாள் வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தில்தான் பதில் தள்ளிப்போனது.

பட்டறை விஷயத்தை அம்மாவிடம் பக்குவமாகவெல்லாம் சொல்லவில்லை. கடிதத்தையே கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு, "இந்தப் புத்தி பதின்மூணாம் தேதி எங்கே போச்சு?" என்றாள். பிறகு கடிதத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வேலைக்குப் போகும்போதும் எடுத்துக்கொண்டு போகிறாள்.

கல்லூரி தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது. மோசமில்லை. ஆய்வகத்தில் ஜன்னலோரம் கிடைத்திருக்கிறது. ஒரு தோழி கிடைத்திருக்கிறாள், அவளும் வேறெங்கோ போக ஆசைப்பட்டவள்தான். ஏன் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை என்று பேராசிரியர் கேட்டார். அங்கே தண்ணீர் சரியில்லையாம் சார் என்றேன். வகுப்பே சிரித்தது.

அந்தக் கதவைப் பற்றி நான் உங்களை எதுவும் கேட்கப்போவதில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் வேறு. என்னுடையது சின்ன வழக்கு. நீங்கள் பதினான்காம் தேதி உள்ளதை எழுதியிருந்தால், பயந்துபோய் நானே வேண்டாமென்று சொல்லியிருப்பேனோ என்னவோ. இல்லை, பிடிவாதம் பிடித்துப் போயிருப்பேனோ. இரண்டில் எதுவானாலும் நான் எடுத்த முடிவாக இருந்திருக்கும். சரியோ தப்போ, அதோடு காலம் தள்ளியிருப்பேன். இப்போது அது என் முடிவும் இல்லை, உங்கள் முடிவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் புரியவில்லை.

அடுத்த வருஷம் முயற்சி பண்ணு என்று அம்மா சொல்கிறாள். செய்வேனா தெரியவில்லை. செய்தால் உங்களிடம் முன்கூட்டிச் சொல்வேனா என்றும் தெரியவில்லை. முன்பெல்லாம் இப்படி ஒரு சந்தேகம் எனக்கு வந்ததே இல்லை.

நீங்கள் வாருங்கள். அம்மா உங்கள் அறையைச் சுத்தம் செய்யத் தொடங்கிவிட்டாள். ரயில் நிலையத்துக்கு நானும் வருவேன், பையை வாங்கிக்கொள்வேன், வீடு வரைக்கும் சேர்ந்து நடக்கலாம். ஒன்று மட்டும். கல்லூரி எப்படி இருக்கிறது என்று நீங்களாகக் கேட்காதீர்கள். நானாகச் சொல்லும் வரைக்கும் பொறுத்திருங்கள். எவ்வளவு நாள் ஆகுமென்று எனக்கே தெரியாது.

உங்கள் மகள்